நெஞ்சில் கோத்த நீர்

"நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது" என்று மருத்துவர் சொல்லக் கேட்டுக் கலங்கி வீடு திரும்புவோர் நம் ஊர்களில் பலர். கோத்தல் என்பது அழகிய சொல். முத்தைக் கோப்பர், மலரைக் கோப்பர், கையோடு கை கோப்பர். உடம்பில் நீர் தங்கி வீங்குவதற்கும் மக்கள் இச்சொல்லையே வழங்குகின்றனர். கால் நீர் கோத்தது என்பர். வயிற்றில் கோத்த நீருக்கு மகோதரம் என்று பெயரும் வைத்தனர். சித்த மருத்துவத்தில் நீர்க்கோவை என ஒரு பெயர் உண்டு. எனினும் அது சளி, தலைபாரம், மூக்கடைப்பு முதலியவற்றையே சுட்டும். அதனை இங்கு எடுத்தாண்டால் குழப்பமே மிஞ்சும். ஆதலின் மக்கள் நாவில் வழங்கும் 'நீர் கோத்தல்' என்னும் தொடரையே நாமும் கைக்கொள்வோம்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மருத்துவக் கட்டுரை எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். மருத்துவம் நம் துறையன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் இதனை எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவர், நல்ல கபடி வீரர், மாடிப்படி ஏறி வகுப்புக்கு வருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். முதலில் வலப்பக்க விலாவில் குத்துவலி இருந்தது என்றும், வாயுப்பிடிப்பு என்றெண்ணி வீட்டார் தைலம் தேய்த்தனர் என்றும், பத்து நாளில் வலி தானே நின்றுவிட்டது என்றும் சொன்னார். வலி நின்ற பிறகே மூச்சிறைப்புத் தொடங்கியிருக்கிறது. அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரே படத்தில் நெஞ்சின் வலப்பக்கக் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அன்று மார்புநோய் மருத்துவர் பொறுமையோடு விளக்கியவையும், அதன்பின் நாம் படித்தறிந்தவையும் இக்கட்டுரையாக அமைகின்றன. அம்மாணவரின் எஞ்சிய கதையைப் பின்னர்ச் சொல்வோம். அதில் நம் பிழையும் உண்டு.

நீர் தங்கும் இடம்

நெஞ்சில் நீர் என்றவுடன் நுரையீரலுக்குள்ளே நீர் புகுந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நுரையீரலைச் சூழ்ந்து மெல்லிய உறைகள் இரண்டு உள்ளன. உள்ளுறை நுரையீரலோடு ஒட்டிக் கிடக்கும். வெளியுறை விலாக்கூட்டின் உட்புறத்தில் படிந்திருக்கும். இவ்விரண்டிற்கும் இடையே வெற்றிடம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஏறத்தாழ 10 முதல் 20 மில்லி நீர், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி அளவு, அங்கு மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வழுக்கிச் செல்லும், ஆனால் எளிதில் பிரியா. விலாக்கூடு விரியும்போது நுரையீரலும் உடன் விரிவதும், ஓயாமல் அசைந்தும் உரசிப் புண்ணாகாதிருப்பதும் இந்த ஈரத்தினாலேயே.

இந்நீர் ஒரே நிலையில் கிடப்பதன்று. குருதி நாளங்களிலிருந்து ஊறி வந்துகொண்டே இருக்கிறது. வெளியுறையிலுள்ள நுண்ணிய நிணநீர்த் துளைகளின் வழியே வடிந்துகொண்டே இருக்கிறது. நம் கண்மாய்க்கு வரத்துக்கால் ஒருபுறமும் மடை மறுபுறமும் இருப்பது போன்றது இது. வரத்து மிகுந்தாலும் நீர் பெருகும். மடை அடைபட்டாலும் பெருகும். இரண்டும் ஒருங்கே நேர்வதும் உண்டு. அப்போது தேக்கரண்டிக் கணக்கு மாறி, லிட்டர்க் கணக்கில் நீர் சேர்கிறது. விரிய இடமின்றி நுரையீரல் அமுங்குகிறது. உதரவிதானம் கீழே தள்ளப்படுகிறது. நோயாளி மூச்சு வாங்குகிறார்.

நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் நிறைவது வேறொரு நிலை. இதயம் திடீரெனத் தளரும்போது அது நேரும். ஊசியிட்டு நீர் எடுப்பதால் அது தீராது. மணிக்கணக்கில் காத்திருக்கவும் இடந்தராது. இரண்டையும் 'நுரையீரலில் தண்ணீர்' என்று ஒரே பெயரால் வழங்குவதால், ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்கும் செய்யவில்லையே என்று உறவினர் மனங்குறைப்படுவதைக் காண்கிறோம்.

இனி, வலி ஏன் நின்றது என்பதற்கு வருவோம். உறைகள் அழற்சியுற்றுச் சொரசொரப்பாகும்போது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றோடொன்று உரசும். ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் இருமினாலும் விலாவில் கத்திகொண்டு குத்துவது போன்ற வலி அதனால் வருவதே. நீர் ஊறிச் சேர்ந்ததும் இரு உறைகளும் விலகிவிடுகின்றன, உரசல் இல்லை, வலியும் இல்லை. நோயாளி தைலத்துக்கு நன்றி சொல்கிறார். நோயோ அடுத்த படியில் ஏறியிருக்கிறது. இந்நோயில் நலம் போலத் தோன்றுவன பலவும் நலமல்ல என்பதற்கு இது முதற்சான்று. வேறு சில சான்றுகளையும் மேலே காண்போம்.

தட்டியும் கேட்டும் அறிந்தோர்

நெஞ்சில் நீரும் சீழும் சேர்வதைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில், நோயாளியின் தோளைப் பற்றிக் குலுக்கி, உள்ளே நீர் அலம்பும் ஓசையைக் கேட்கும் முறை கூறப்பட்டுள்ளது. விலாவைத் திறந்து சீழை வடித்ததையும் அந்நூல்கள் கூறும். பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் விலா அழற்சியை 'தாதுல் ஜன்ப்' என்னும் பெயரால் விளக்கினார். யூனானி மருத்துவர்கள் அப்பெயரை இன்றும் வழங்குகின்றனர்.

ஆயினும், உள்ளே நீர் இருக்கிறதா, எதுவரை இருக்கிறது என்பதை நோயாளியைத் துன்புறுத்தாமல் அறியும் வழி 1761ஆம் ஆண்டில்தான் நூல்வடிவம் பெற்றது. வியன்னா நகர மருத்துவர் லியோபோல்டு அவுன்புருகர் என்பவர், நெஞ்சை விரல் நுனியால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்நிலை அறியலாம் என எழுதினார். இவர் விடுதி நடத்துபவர் ஒருவரின் மகன். மதுப்பீப்பாய்களைத் தட்டி எந்த அளவு நிறைந்துள்ளது என்று பார்க்கும் வழக்கத்தை இளமையில் கண்டதே இதற்கு வித்து என்பர். நம் வீட்டுப் பெண்கள் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் கலையும் இவ்வகையினதே! காற்று நிறைந்த நுரையீரலின்மேல் தட்டினால் பறைபோல் ஒலிக்கும். நீர் நிறைந்த இடத்தில் தட்டினால் கல்லில் தட்டியது போல் மந்தமாக ஒலிக்கும். அவுன்புருகர் பிணத்தின் நெஞ்சுக்குள் நீரைச் செலுத்தித் தட்டிப் பார்த்தே இதனை உறுதி செய்தார். உடன் வாழ்ந்தோர் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விளக்கிய பின்னரே உலகம் செவிசாய்த்தது. மறு ஆண்டே அவுன்புருகர் மறைந்தார். மொழிபெயர்ப்பு ஒரு நூலுக்கு உயிர் கொடுத்த வரலாறாகவும் இதனைத் தமிழ் மாணவர்கள் கொள்ளலாம்.

1816இல் பாரிசு நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அது. நீர் தேங்கிய இடத்தின் மேல்விளிம்பில் குழலை வைத்து நோயாளியைப் பேசச் சொன்னால், அவர் குரல் ஆடு கனைப்பது போல் கேட்கும் என்று அவர் பதிவு செய்தார். அந்த லென்னெக்கே 1826இல் காசநோய்க்கு இரையானார். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபின், கேட்டறிந்தது கண்ணால் காணும் பொருளாயிற்று. நின்ற நிலையில் எடுக்கும் நெஞ்சுப்படத்தில் ஏறத்தாழ 200 மில்லி நீர் சேர்ந்தால்தான் தெரியும். அதனினும் குறைந்த நீரை இன்றைய அல்ட்ராசவுண்டு ஸ்கேன் காட்டிவிடும். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்தபின்னும் மருத்துவர் ஸ்கேன் கேட்கிறார். பணம் பறிப்பதற்கென்று எண்ண வேண்டியதில்லை.

ஊசியும் அச்சமும்

நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் நம் மாணவரின் பாட்டியார் உடன்படவில்லை. "ஒருமுறை எடுத்தால் ஊற்றுக் கண் திறந்துவிடும், எடுக்க எடுக்க ஊறும்" என்றார். இது ஒருவர் அச்சமன்று, ஊர்தோறும் உள்ளது. நீர் மீண்டும் ஊறுவது உண்மை. ஆனால் ஊசி அதற்குக் காரணமன்று; நீரை ஊறச் செய்த நோய் உள்ளேயே இருப்பதுதான் காரணம். வரத்துக்கால் திறந்திருக்கும்வரை கண்மாயை எத்தனை முறை இறைத்தாலும் நிறையத்தானே செய்யும்?

நீர் எடுக்கும் முறை எளியது. நோயாளி அமர்ந்தபடி முன்பக்கம் மேசைமேல் கைகளை ஊன்றிச் சாய்ந்துகொள்வார். மரத்துப்போகும் மருந்தை முதலில் முதுகுப்புறத் தோலிலும் அடித்தசையிலும் செலுத்துவர். பின்னர், ஸ்கேன் காட்டும் இடத்தில், விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசி நுழையும். கீழ்விளிம்பை ஒட்டிக் குருதி நாளமும் நரம்பும் செல்வதால் அவ்விடத்தைத் தவிர்ப்பர். ஒரே அமர்வில் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நெடுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரைந்து விரியும்போது அதனுள்ளேயே நீர் கசியக்கூடும் என்பதே காரணம். ஆதலின் "பாதிதான் எடுத்தார்கள், மீதியை விட்டுவிட்டார்கள்" என்று குறைகூறுவது பொருந்தாது. எடுக்கும்போது நெஞ்சிறுக்கமோ அடங்கா இருமலோ தோன்றினால் நோயாளி உடனே சொல்ல வேண்டும்.

எடுத்த நீர் பேசும். வைக்கோல் ஊறிய நீர்போல் இளமஞ்சளாக இருப்பது ஒன்று. குருதி கலந்தது ஒன்று. சீழாகவே வருவது ஒன்று. அரிதாகப் பால்போல் வெளுத்து வருவதும் உண்டு. நிறம் ஒரு குறிப்பு மட்டுமே. முடிவைச் சொல்வது ஆய்வுக்கூடம். 1972இல் ரிச்சர்டு லைட் என்னும் அமெரிக்க மருத்துவரும் உடனாய்ந்தோரும் வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. எடுத்த நீரிலுள்ள புரதம், குருதியிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்.டி.எச். என்னும் நொதி குருதியிலுள்ளதைப்போல் 0.6 பங்குக்கு மேலிருந்தாலோ, அந்நொதி இயல்பான குருதி அளவின் உச்சவரம்பில் மூன்றில் இரு பங்கைத் தாண்டினாலோ, உறையிலேயே நோய் உண்டு என்று கொள்வர். இம்மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். ஒன்றும் இல்லையெனில் உறை நலமாகவே உள்ளது. இதயம், ஈரல், சிறுநீரகம் போன்ற வேறோர் உறுப்பின் தளர்ச்சியால் நீர் அங்கு வடிந்து தேங்கியிருக்கிறது. அளவுகோல் எளியது, ஆனால் நோயாளிக்கு அளிக்கும் மருத்துவம் முழுவதும் அந்தப் பிரிவிலிருந்தே வேறுவேறு வழியில் செல்கிறது.

காரணங்கள் பல

நெஞ்சில் நீர் கோத்தல் ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் விட்டுச் செல்லும் தடயம். முதியோரிடம் மிகுதியாகக் காணப்படுவது இதயத் தளர்ச்சியால் வருவது. பெரும்பாலும் இருபக்கமும் நீர் சேரும், காலும் வீங்கியிருக்கும், தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைமேல் தலையணை வைப்பர். இவர்களுக்குப் பலசமயம் ஊசியே வேண்டியதில்லை. சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் இதயத்துக்குரிய மருந்தும் உப்புக் குறைந்த உணவுமே நீரை வற்றச் செய்துவிடும். உப்பைக் குறைத்தோம் என்று சொல்லிக்கொண்டே கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்புக்கண்டமும் உண்பவரை நாம் அறிவோம். குழம்பில் குறைத்த உப்பு தட்டின் ஓரத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது! நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர். அப்போதே மருத்துவரைக் காண்பது நன்று.

ஈரல் சுருங்கும் நோயில் வயிற்று நீர் உதரவிதானத்தின் நுண்துளைகள் வழியே மேலேறும். பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே தங்கும். சிறுநீரில் புரதம் கழியும் சிறுநீரக நோயிலும் நீர் சேரும். கணைய அழற்சி, நுரையீரல் நாளத்தில் குருதிக்கட்டி அடைத்தல், மூட்டுவாத நோய்கள் ஆகியனவும் காரணமாகலாம்.

டெங்குக் காய்ச்சலைத் தனியே சொல்ல வேண்டும். அதில் குருதி நாளங்கள் கசிவதால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேர்கிறது. இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் தொடங்குகிறது. உடம்பு குளிர்ந்தது, நோய் போயிற்று என்று வீட்டார் மகிழும் அந்த நாளிலேயே இடர் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், சோர்வு, ஈறிலோ மூக்கிலோ குருதி வருதல் ஆகியன தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது. அந்நீர் சில நாளில் தானே உறிஞ்சப்பட்டுவிடும். குருதித் தட்டணுக்கள் குறைந்திருக்கும் அவ்வேளையில் ஊசியிட்டு எடுக்க முனைவது குருதிப்போக்கை உண்டாக்கக் கூடுமாதலின் மருத்துவர்கள் அதனைத் தவிர்க்கின்றனர்.

நிமோனியாவைத் தொடர்ந்து சேரும் நீர் சீழாக மாறக்கூடும். மருந்து உண்டும் காய்ச்சல் விடவில்லை எனில் இதனை ஐயுற வேண்டும். சீழ் ஆனபின் ஊசி போதாது. குழாய் பொருத்தி, அதன் மறுமுனையை நீர்ப்புட்டிக்குள் அமிழ்த்தி வடிக்க வேண்டும். காற்று உட்புகாதவாறு இப்படி மூடிய முறையில் வடிப்பதன் அருமை பெருந்துயரில் கற்ற பாடம். 1918இல் அமெரிக்கப் படைமுகாம்களில் தொற்றுக் காய்ச்சலும் நிமோனியாவும் பரவி, நெஞ்சில் சீழ் கோத்தவர்களுக்கு உடனுக்குடன் விலாவைத் திறந்து வடித்தனர். திறந்த வழியே காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்க, நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்தனர். எவார்ட்ஸ் கிரகாம் உள்ளிட்ட மருத்துவக் குழு இதனை ஆராய்ந்து, நோய் முற்றி உறைகள் ஒட்டிக்கொள்ளும்வரை திறக்காமல் மூடிய முறையிலேயே வடிக்கச் சொன்னது. அதன்பின் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவமனைப் படுக்கையின்கீழ் இருக்கும் அப்புட்டியைக் காண வருவோர் காலால் இடறிவிடாமலும், நெஞ்சின் மட்டத்துக்கு மேலே தூக்காமலும் இருந்தாலே பேருதவி.

புற்றுநோயால் நீர் கோப்பதும் உண்டு. எடுத்தும் விரைவில் மீண்டும் சேர்வது அதன் இயல்பு. உறைகளுக்கிடையே தூய டால்க் தூளைச் செலுத்தி அவற்றை ஒட்டச் செய்வதும், வீட்டிலிருந்தபடியே வடித்துக்கொள்ள மெல்லிய குழாயை நிலையாகப் பொருத்துவதும் இன்று உள்ள வழிகள். நோயைத் தீர்க்க இயலாத நிலையிலும் மூச்சை எளிதாக்க முடியும். அதுவும் மருத்துவமே.

காசநோயும் கானல்நலமும்

நம் நாட்டில் இளைஞர் ஒருவர்க்கு ஒரு பக்கம் நீர் கோத்து, மாலைக் காய்ச்சலும் வறட்டிருமலும் உடல் மெலிவும் இருந்தால் மருத்துவர் முதலில் எண்ணுவது காசநோயையே. நம் மாணவருக்கும் அதுவே. ஏறத்தாழ 900 மில்லி இளமஞ்சள் நீர் வந்தது. இத்தகைய நீரில் காசக்கிருமியை நேரே காண்பது அரிது. கிருமிகள் சிலவே, அவற்றின்மேல் உடம்பு காட்டும் சினமே நீராகப் பெருகுகிறது. ஆதலின் அடினோசின் டிஅமினேஸ் என்னும் நொதியின் அளவையும் நீரிலுள்ள வெள்ளணுக்களின் வகையையும் பார்க்கின்றனர். அந்நொதி லிட்டருக்கு 40 அலகுக்கு மேலிருந்து, நிணநீரணுக்களும் மிகுந்திருந்தால் காசநோய் என்னும் ஐயம் வலுப்படும். சளியையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். நுரையீரலில் புண் இல்லாமல் உறையில் மட்டும் நோய் இருப்பின் அது பிறருக்குத் தொற்றுவது அரிது. தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கி வைத்து அவரை நோகச் செய்ய வேண்டியதில்லை.

இந்நோயின் வஞ்சகம் இனிமேல்தான். உறையில் வரும் காசநோய் நீர், மருந்தே உண்ணாவிடினும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானே வற்றிவிடும்! காய்ச்சல் விடும், பசி எடுக்கும், எக்ஸ்ரே தெளிவாகும். மருந்துகள் பரவுவதற்கு முன் இவ்வாறு நீர் கோத்துத் தேறிய அமெரிக்கப் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்து 1955இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபத்தைந்து பேரளவில் ஐந்தாண்டுக்குள் வெளிப்படையான காசநோய்க்கு ஆளாயினர் என்பதே அதன் முடிபு. நீர் வற்றியது, விதை வற்றவில்லை.

எனவேதான் ஆறு மாத மருத்துவம். முதல் இரண்டு மாதம் ஐசோநியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். அரசு இவற்றை இலவசமாக வழங்குகிறது. உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த நடுவணரசு 2024 நவம்பரில் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு காசநோயைத் தீர்க்கலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு நம் சென்னையில், 1956இல் தோன்றிய சேத்துப்பட்டுக் காசநோய் மருந்தாய்வு மையத்தில்தான் நடந்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. மருத்துவமனையில் தங்கியோரும், நெருக்கடியான சிறு வீடுகளில் இருந்தபடி மருந்துண்டோரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தேறினர் என 1959இல் அம்முடிவு வெளியாயிற்று. காசநோய் மருத்துவமனைகளின் வாயில்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஏழைகளுக்கு அது வீட்டுக்கதவைத் திறந்துவிட்டது.

ரிபாம்பிசின் உண்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். குருதி போகிறது என்று அஞ்சி மருந்தை நிறுத்தியோர் உளர். அது மருந்தின் நிறமே, தீங்கில்லை. ஆனால் கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாமே நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடுதல் கூடாது. நோன்பு மாதத்தில் மாத்திரையை ஒருமாதம் தள்ளிவைக்கலாமா என்று கேட்போர்க்கு, மருந்துகளுக்கு இடைவெளி விடலாகாது என்பதே மருத்துவரின் விடை. நோயுற்றோர் பின்னொரு காலத்தில் நோற்றுக்கொள்ளலாம் என்னும் சலுகை மார்க்கத்திலேயே இருப்பதை ஆலிம்கள் எடுத்துரைப்பர். உறை தடித்து ஒட்டிவிடாதிருக்க ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியும் உதவும்.

இனி நம் மாணவரின் கதை. நீர் எடுத்த இரவே அவர் நிம்மதியாக உறங்கினார். இரண்டு மாதத்தில் படம் தெளிவாயிற்று. மூன்றாம் மாதம் மீண்டும் கபடித் திடலில் இறங்கினார். நாம் கைதட்டினோம். "நன்றாயிருக்கிறாயா தம்பி?" என்று கேட்டோம்; "நல்லாயிருக்கேன் ஐயா" என்றார். மாத்திரை உண்கிறாயா என்று நம்முள் ஒருவரும் கேட்கவில்லை. மாத்திரை உடம்புக்குச் சூடு என்று யாரோ சொல்ல, அவர் அதனை இரண்டாம் மாத முடிவிலேயே நிறுத்தியிருக்கிறார். பட்டம் பெற்ற ஆண்டில் இருமல் தொடங்கியது. இம்முறை நோய் உறையில் இல்லை, நுரையீரலிலேயே புண். சளியில் கிருமிகள் இருந்தன. வீட்டார் அனைவரையும் சோதித்தபோது ஒன்பது வயதுத் தங்கைக்கும் நோய் இருப்பது தெரிந்தது.

நல்லவேளையாக அவருடைய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறியிருக்கவில்லை. அண்ணனும் தங்கையும் முழுக்காலமும் மருந்துண்டு தேறினர். தங்கை இப்போது மேனிலைப் பள்ளியில் பயில்கிறாள். அவருடைய வலப்பக்க நுரையீரலில் வடு தங்கிவிட்டது, கபடியை விட்டுவிட்டார். நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும் மாணவரிடம் நம் துறையில் மருத்துவச் சான்றிதழை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. மருந்து எத்தனை மாதம், இன்னும் எத்தனை மீதம் என்று கேட்டு, மாதந்தோறும் முதல் வாரத்தில் மீண்டும் ஒருமுறை கேட்கிறோம்.